துணியில் பிடித்த சாயம் நரம்பில் பிடித்த கதை

திருப்பூர்ப் பக்கம் "சாயம்" என்று சொன்னால் உடனே ஞாபகத்துக்கு வருவது இரண்டு விஷயம். ஒன்று பனியன், இன்னொன்று நொய்யல். ஒன்றில் ஊருக்குப் பெருமை, இன்னொன்றில் தலைகுனிவு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது மருந்து.

ஒரு மாத்திரையை விழுங்கினால், உடம்பு முழுக்கப் போனாலும் வேண்டிய இடத்தில் மட்டும் அது வேலை செய்யும் என்று நாம் நம்புகிறோம் இல்லையா? அந்த எண்ணம் தெளிவான வடிவம் எடுத்ததே சாயத்தை வைத்துத்தான். மனிதன் நரம்பு செல்லை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்ததும், உலோக உப்புகளும் துணிச் சாயமும் தயவு வைத்ததால்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் வாங்க. முடிவில் மறுபடியும் நொய்யல் கரைக்கு வந்துதான் ஆகணும், தப்பிக்க முடியாது.

பிடிப்பு என்றால் என்ன?

சாயப்பட்டறை மாஸ்டர்கிட்ட பேசிப் பாருங்க. ஒரே தொட்டியில் காட்டனையும் பாலியஸ்டரையும் போட்டால் ஒன்று கலர் ஏறும், இன்னொன்று வெள்ளையாகவே வெளியே வரும் என்பார். "இந்தச் சாயம் இதில் பிடிக்கும், அதில் பிடிக்காது." மொத்த சாயத் தொழிலும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம்.

பிடிப்பதற்குக் காரணம் வேதியியல். தண்ணீரில் நனைந்த பருத்தி நார் கொஞ்சம் எதிர்மின் தன்மை எடுக்கும். சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மையோடு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயம் நேர்மின் தன்மையோடு இருந்தாலும், பருத்தியில் அது நிலைத்து நிற்காது, துவைத்தால் போய்விடும். அதனால்தான் நம் முன்னோர்கள் நடுவில் ஒரு தரகரை வைத்தார்கள். கடுக்காய்த் தண்ணீரில் துணியை ஊறவைத்து, பிறகு படிகாரத்தில் முக்கி, அதற்குப் பிறகுதான் சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணி கப்பலேறிப் போனது இந்த வேலைப்பாட்டினால்தான். கடுக்காயின் துவர்ப்பு நாரைப் பிடிக்கும், படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் துவர்ப்பையும் சாயத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு பக்கம் செடி, ஒரு பக்கம் உலோகம், நடுவில் துணி.

இந்த மூன்று பேர் கூட்டணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணி இருக்கிற இடத்தில் நரம்பை வைத்தால் மீதிக் கதை வந்துவிடும்.

மலைக் காய்ச்சலுக்கு மருந்து தேடி ஊதாவைக் கண்ட பையன்

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து குவினைன் செய்ய முடியுமா என்று வீட்டிலேயே முயன்றுகொண்டிருந்தான். குவினைன் அப்போது மலேரியாவுக்கு இருந்த ஒரே உருப்படியான மருந்து. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்க வேண்டும், மரமோ தென் அமெரிக்காவில். அந்த மரத்தை நம் நீலகிரிக்குக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஆங்கில அரசு தோட்டம் போட்டது 1860-களில். திருப்பூரிலிருந்து மேற்கே மலையேறினால் வருகிற அதே நீலகிரிதான்.

பெர்கினுக்குக் குவினைன் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கறுப்புக் கசடு. அதைச் சாராயத்தில் கரைத்தால் பிரமாதமான ஊதா நிறம். பட்டில் முக்கினால் பிடித்தது, துவைத்தாலும் போகவில்லை. செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் பிறந்தது. மருந்தைத் தேடிப் போய்ச் சாயம் கிடைத்தது. அடுத்த 35 வருஷத்தில் சாயம் திரும்பி வந்து மருந்தானது.

வெள்ளியில் தெரிந்த நரம்பு

நரம்பு செல்லைப் பார்ப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? மூளையை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், எல்லாமே கூழ் மாதிரி தெரியும். எந்த இழை எந்த செல்லைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. நூல்கண்டு பத்து சிக்கிக் கிடக்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரே சாயம் ஏற்றினால் இன்னும் மோசம்.

1873-ல் இத்தாலிக்காரர் காமிலோ கோல்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். தீராத நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, அங்கிருந்த சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிச் செய்த வேலை. மூளைத் துண்டை பொட்டாசியம் பைக்ரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டார். நூற்றுக்கு ஒரு சில செல்கள் மட்டும் கன்னங்கரேலென்று, வேர் கிளை எல்லாத்தோடும், மரம் மாதிரி எழுந்து நின்றன. மற்றவை நிறமே எடுக்கவில்லை. ஏன் சிலதை மட்டும் பிடிக்கிறது என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் கிடையாது. ஆனால் அந்தச் "சிலதை மட்டும்" என்பதுதான் கண்ணைத் திறந்தது. ஸ்பெயினின் ரமோன் இ காஹால் இதே முறையை மெருகேற்றி, நரம்பு மண்டலம் ஒரே வலையல்ல, தனித்தனி செல்களால் ஆனது என்று நிறுவினார். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

பைக்ரோமேட் என்ற பெயர் பழைய சாயப்பட்டறைக்காரர்களுக்கு அந்நியமில்லை. கம்பளியில் சாயம் நிற்கவும், சில சாயங்களுக்கு நிறம் ஏற்றவும் அது பயன்பட்டது. கையில் பட்டால் ஆறாத புண் வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நீலம் நரம்பைத் தேடிப் போனது

கோல்ஜி பார்த்தது செத்த நரம்பை. உயிரோடு இருக்கிற நரம்பைச் சாயம் பிடிக்குமா?

1876-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியில் ஹைன்ரிஷ் காரோ என்ற வேதியியலாளர் பருத்திக்காக ஒரு நீலச் சாயம் செய்தார். பெயர் மெத்திலீன் நீலம். நேர்மின் தன்மை உள்ள சாயம், அதனால் பருத்தியில் நிற்க துவர்ப்புத் தரகர் வேண்டும்.

அதே காலத்தில் பால் எர்லிக் என்ற மருத்துவ மாணவருக்குச் சாயப் பைத்தியம். சாயம் செல்லில் ஒட்டுவது எப்படி என்பதைப் பற்றித்தான் 1878-ல் தன் பட்ட ஆய்வையே எழுதினார். 1886-ல் அவர் மெத்திலீன் நீலத்தை உயிருள்ள விலங்கின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். தசையில், கொழுப்பில் நிறம் பெரிதாக இல்லை. ஆனால் நரம்பு முனைகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன.

இன்னொரு சுவாரசியம். வெட்டி எடுத்த உடனே திசுவில் நிறம் சரியாகத் தெரியாது, காற்றுப் பட்டபிறகுதான் நீலம் எழும். அவுரித் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தொட்டிக்குள் துணி பச்சை மஞ்சளாக இருக்கும், வெளியே எடுத்துக் காற்றில் உதறினால் கண்முன்னாலேயே நீலமாகும். இரண்டு சாயமும் எலக்ட்ரானை வாங்கினால் நிறம் இழக்கும், ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டால் நிறம் திரும்பும். இந்தக் கொடுக்கல் வாங்கல் குணம்தான் மெத்திலீன் நீலத்தைப் பின்னாளில் மருந்தாக நிலைநிறுத்தியது.

எர்லிக் அடுத்துக் கேட்ட கேள்வி எளிமையானது. நரம்பை மட்டும் பிடிக்கிறது என்றால், நரம்பு வலியை மட்டும் குறைக்குமோ? 1890-ல் லெப்மான் என்பவரோடு சேர்ந்து நரம்பு வலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஓரளவு வலி குறைந்ததாக எழுதினார். மலேரியா ஒட்டுண்ணியும் இந்த நீலத்தை நன்றாக எடுக்கிறது என்று தெரிந்தபோது, 1891-ல் பெர்லினில் பால் குட்மானோடு சேர்ந்து இரண்டு மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். இருவரும் தேறினார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு பொருள் மனிதனின் தொற்றுநோயைக் குணமாக்கியது அதுதான் முதல் தடவை. பெர்கின் தேடியது குவினைன், கிடைத்தது சாயம். எர்லிக் கையில் சாயமே குவினைன் வேலையைச் செய்தது.

இதிலிருந்து அவர் எடுத்த பாடம் ஒன்றுதான்: ஒரு பொருள் எதைப் பிடிக்கிறதோ அதில்தான் வேலை செய்யும். கிருமியைப் பிடித்து மனிதனை விட்டுவிடுகிற பொருளைக் கண்டுபிடித்தால் அதுவே மருந்து. சாயப்பட்டறை மாஸ்டர் சொன்ன அதே வாக்கியம்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

உலோகமும் பிடிக்கும்

சாயம் மட்டும்தான் பிடிக்குமா? உலோகம் அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். பாதரசத்தையே எடுத்துக்குங்க. நம் உடம்பின் பல புரதங்களில் கந்தக முனைகள் உண்டு. பாதரசத்துக்கும் ஆர்சனிக்குக்கும் அந்தக் கந்தகம் என்றால் அவ்வளவு பிரியம். ஒட்டினால் விடாது, அந்தப் புரதத்தின் வேலை நின்றுவிடும். கிருமியில் ஒட்டினால் மருந்து, நரம்பில் ஒட்டினால் நஞ்சு.

ஐரோப்பாவில் தொப்பி செய்பவர்கள் முயல் ரோமத்தைப் பாதரச நைட்ரேட்டில் தேய்த்துத்தான் கம்பளமாக்குவார்கள். ரோமம் ஒன்றோடு ஒன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கூச்சமும் கோபமும் வரும். தொப்பிக்காரன் என்றாலே கிறுக்கன் என்கிற பேச்சு ஆங்கிலத்தில் நிலைத்ததில் இதற்குப் பங்கு உண்டு என்பார்கள். அமெரிக்காவில் இந்த வேலைமுறை நிறுத்தப்பட்டது 1941-ல்தான். அதே பாதரசத்தை மேகநோய்க்கு மருந்தாக நானூறு வருஷம் பூசியதும் அதே ஐரோப்பாதான்.

நம் பக்கமும் ரசம், தாளகம், பாஷாணம் எல்லாம் சித்த மருத்துவத்தில் உண்டு. சுத்தி செய்யாமல் கொடுத்தால் கொல்லும் என்பதை அந்த மரபே திரும்பத் திரும்பச் சொல்கிறது. இன்றைக்கு இரத்தத்திலும் சிறுநீரிலும் உலோகத்தை அளந்து பார்க்க வசதி இருக்கிறது. சுத்தி ஒழுங்காக நடந்ததா என்பதை நம்பிக்கையில் விடாமல் அளந்து பார்ப்பதுதான் நோயாளிக்குச் செய்யும் நியாயம்.

எர்லிக் ஆர்சனிக்கைக் கையில் எடுத்தது தெரிந்தேதான். அதை ஒரு சாயம் மாதிரியான கரிம மூலக்கூறில் கட்டினால், கிருமியை மட்டும் தேடிப் போகுமா? நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்து, 606-வது எண் கொண்டது மேகநோய்க் கிருமியைக் கொல்கிறது என்று 1909-ல் ஜப்பானியரான சஹாசிரோ ஹாதாவோடு கண்டார். 1910-ல் சால்வர்சான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதைச் செய்து விற்றது ஹோக்ஸ்ட், அதுவும் சாயக் கம்பெனியே.

உலோகம் பிடித்துவிட்டால் எடுப்பது எப்படி? அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கிற ஒன்றைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஆர்சனிக் விஷவாயுவுக்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டில் செய்த பி.ஏ.எல். என்ற மருந்து இப்படிப்பட்டது. வில்சன் நோயில் உடம்பு செம்பை வெளியேற்றாது. அது மூளையில் சேர்ந்து கை நடுக்கமும் பேச்சுக் குளறலும் வரும். 1951-ல் அந்த நோயாளிகளுக்கு பி.ஏ.எல். கொடுத்துச் செம்பை இழுத்தபோது நடுக்கம் குறைந்தது. படிகாரம் துணியில் சாயத்தைக் கட்டி வைக்கிறது என்றால், இது உலோகத்தைக் கட்டி வெளியே இழுத்துப் போகிறது. கணக்கு ஒன்றுதான், திசைதான் வேறு.

சென்னையில் ஒரு சொட்டு

மெத்திலீன் நீலத்தைப் பருத்தியில் நிறுத்த ஒரு தரகர் வேண்டும் என்று சொன்னேனே, தொழிற்சாலைகளில் துவர்ப்போடு சேர்த்து ஆன்டிமனி உப்பைப் போட்டார்கள். அஞ்சனக்கல்லில் இருக்கிற அதே உலோகம்.

1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், நாள்பட்ட காய்ச்சலோடு மண்ணீரல் வீங்கிக் கிடந்தவர்களிடமிருந்து ஒரு சொட்டு எடுத்து, மெத்திலீன் நீலமும் இயோசினும் கலந்த சாயத்தில் நனைத்துப் பார்த்தார். மலேரியா இல்லை. வேறு ஏதோ குட்டி உருண்டைகள். டம்டமில் காய்ச்சல் கண்டு இறந்த ஒரு சிப்பாயின் உடலில் லீஷ்மன் பார்த்து எழுதியதும் அதுவே. இருவர் பெயரும் சேர்ந்து லீஷ்மேனியா டோனவானி ஆனது. நோய்க்குப் பெயர் காலா அசார், கருங்காய்ச்சல்.

அதற்கு மருந்து எது தெரியுமா? ஆன்டிமனி. முதலில் துணிச் சாயத்துக்குப் போட்ட அதே உப்பையே ஊசியில் ஏற்றினார்கள். கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அதைவிடப் பாதுகாப்பான யூரியா ஸ்டிபமைனை 1920-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். பல உயிர்கள் பிழைத்தன. நோயைக் காட்டிக் கொடுத்தது சாயம், நோயை முடித்தது சாயத்தைத் துணியில் கட்டுகிற உலோகம்.

நரம்பைத் தின்னும் நோய்

இந்தக் கதை தமிழ்நாட்டில் ஆழமாக இறங்குவது தொழுநோயில். அதைத் தோல் நோய் என்று நினைக்கிறவர்கள் அதிகம். உண்மையில் அது நரம்பு நோய். நரம்பிழையைச் சுற்றிப் பொதிந்திருக்கிற செல்களுக்குள் கிருமி குடியேறும். உணர்ச்சி போகும். அடுப்பில் கை வைத்தாலும் தெரியாது, செருப்புக்குள் ஆணி குத்தினாலும் தெரியாது. விரல் "அழுகிப் போவது" கிருமியால் இல்லை, வலி தெரியாமல் போனதால்.

ரொம்ப காலம் இதற்கு இருந்தது நீரடிமுத்து எண்ணெய். பூசினார்கள், குடித்தார்கள், பிறகு ஊசியாகவும் குத்தினார்கள். வலி அதிகம், பலன் நிச்சயமில்லை. கிருமியை 1873-ல் ஹான்சன் பார்த்தார். நைசர் என்பவர் 1879-ல் அதற்கு நிறம் ஏற்றிக் காட்டியது ஃபுக்சின் போன்ற சாயங்களால்தான். பட்டுக்கு ரோஸ் நிறம் ஏற்றுகிற சாயம் அது. இன்றைக்கும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை பல இடங்களில் நடப்பது அதே ரோஸ் சாயத்தில்.

மருந்து வந்ததும் சாயத்தின் வழியாகவே. 1932-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் கெர்ஹார்ட் டோமாக், ப்ரோன்டோசில் என்ற சிவப்பு அசோ சாயம் எலிகளை இரத்தத் தொற்றிலிருந்து காப்பாற்றுவதைப் பார்த்தார். 1935-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தினார்கள். உடம்புக்குள் போனதும் அந்தச் சாயம் இரண்டாக உடைகிறது, வேலை செய்வது நிறமே இல்லாத சல்ஃபானிலமைடு. நிறம் வெறும் வண்டிதான்! எர்லிக் கணக்கில் ஒரு திருத்தம் இது. பிடிப்பதற்கு நிறம் தேவையில்லை, சரியான வடிவம் இருந்தால் போதும்.

அந்தக் கிளையில் வந்த சல்ஃபோன்கள் தொழுநோய்க்கு வேலை செய்தன. 1940-களில் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில் ராபர்ட் காக்ரேன், டாப்சோனை எண்ணெயில் கலந்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். அந்த நிலையம்தான் 1955-ல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமானது. ஆனால் கிருமி செத்தாலும் செத்த நரம்பு திரும்பி வராது. வேலூரில் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை மறுபடியும் மடக்க வைத்தது அந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

பிறகு டாப்சோனுக்குக் கிருமி பழகிப் போனது. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. அதில் மூன்றாவது குளோஃபசிமின். 1950-களில் டப்ளினில் வின்சென்ட் பேரி குழு, கற்பாசியிலிருந்து கிடைத்த பொருளில் தொடங்கி, காசநோய்க்காகத் தேடிச் செய்தது. பார்த்தால் அசல் சிவப்புச் சாயம். கிருமியைக் கொல்லும், நரம்பு வீக்கத்தையும் தணிக்கும். கூடவே தோலிலும் பிடிக்கும். சாப்பிடுகிறவரின் மேனி செம்பழுப்பாகிக் கறுக்கும், மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆனாலும் முழுசாகப் போகாது.

இது சின்ன விஷயம் இல்லைங்க. தொழுநோயை ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு குடும்பத்தில், மருந்தே முகத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. மருந்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறவருக்கு அவருடைய காரணம் நியாயமானதுதான். சாயம் வேண்டிய இடத்தில் மட்டும் பிடிக்கும் என்பது பாதி உண்மை. பக்கத்தில் இருப்பதிலும் கொஞ்சம் பிடிக்கும்.

மனசுக்கும் அதே சாயம்

மெத்திலீன் நீலத்தின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, 1883-ல் பெர்ன்ட்சன் அதன் எலும்புக்கூட்டைச் செய்து காட்டினார். பெயர் ஃபீனோதையசின். 1950 டிசம்பரில் பிரான்ஸில் பால் ஷார்ப்பாந்தியே அதே எலும்புக்கூட்டிலிருந்து குளோர்ப்ரோமசினைச் செய்தார். 1952-ல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மூளை செல்களில் டோபமைன் உட்காரும் இடத்தை அது அடைக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. அதனாலேயே சிலருக்குக் கை நடுக்கமும் விறைப்பும் வரும். மறுபடியும் பாருங்க, பக்கத்திலும் பிடிக்கிறது.

மெத்திலீன் நீலமே இன்னும் ஓய்வு பெறவில்லை. அனிலின் போன்ற சாய மூலப்பொருளை அதிகம் சுவாசித்த தொழிலாளிக்கு இரத்தத்தின் இரும்பு ஆக்சிஜனை விட்டுவிடும். உதடும் நகமும் நீலமாகும். அவருக்கு மருந்து மெத்திலீன் நீல ஊசி. எலக்ட்ரானைக் கொண்டுபோய் இரும்புக்குக் கொடுத்து அதைச் சரிசெய்யும். நீலமான ஆளுக்கு நீலமே மருந்து! ஆனால் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதைக் கொடுத்தால் மூளையில் செரோடோனின் எகிறி ஆபத்தாகலாம் என்று 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

அல்சைமர் நோயில் மூளை செல்லுக்குள் சிக்கும் டௌ புரதத்தை இது அவிழ்க்கும் என்று கிளாட் விஷிக் குழு 1996-லிருந்து முயன்றது. பெரிய சோதனையின் முடிவு 2016-ல் வந்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. அதிலும் ஒரு சிக்கல். மருந்து சாப்பிட்டால் சிறுநீர் நிறம் மாறிவிடும், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் மாத்திரை என்று காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ஒப்பிடும் குழுவுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. சாயம் தன் குணத்தை எங்கேயும் விடாது.

கணக்கின் மறுபக்கம்

இதுவரை சொன்னது சாயம் காப்பாற்றியவர்களின் கதை. சாயம் யாரை எல்லாம் பிடித்தது என்ற கணக்கும் உண்டு.

1895-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் செய்யும் தொழிலாளிகளில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதாக அறிவித்தார். சாயம் செய்ய உதவும் அரோமாட்டிக் அமைன்கள்தான் காரணம் என்று பின்னாளில் உறுதியானது. எந்த ஃபுக்சின் தொழுநோய்க் கிருமியைக் காட்டிக் கொடுத்ததோ அதைச் செய்தவர்களின் உடம்பு அது. அந்த அமைன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களை உடைகளில் ஜெர்மனி தடை செய்தது 1994-ல். இந்தியா 1997-ல் 70 அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. ரேன் சொல்லி ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. ப்ரோன்டோசிலை உடைத்து மருந்தாக்கியதும், தடை செய்யப்பட்ட சாயத்தை உடைத்து நஞ்சாக்குவதும் உடம்புக்குள் நடக்கிற ஒரே மாதிரி வேலைதான். உடைந்து வருவது எது என்பதில்தான் வித்தியாசம்.

அந்தத் தடை வந்தபோது திருப்பூரில் ஏற்றுமதிக்காரர்கள் ஓடி ஓடிச் சாயத்தை மாற்றினார்கள். வாங்குகிறவர் சோதனைச் சான்று கேட்டார். போட்டுக்கொள்கிறவரின் தோலைப் பாதுகாக்க அத்தனை கெடுபிடி. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பவுடரைக் கரைக்கிறவரின் நுரையீரலுக்கு அந்த மாதிரிச் சான்று யாரும் கேட்கவில்லை.

இன்று பனியனில் ஏறுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். 1950-களின் நடுவில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. பருத்தியோடு கெட்டியான பிணைப்பே போட்டுக்கொள்ளும், கடுக்காயும் ஆன்டிமனியும் வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் எதிர்மின் தன்மை, தள்ளிக்கொள்ளும். தள்ளலை அடக்க உப்புப் போட வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 100 கிராம் வரைகூட. சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், அத்தனை உப்பும் தண்ணீரோடு போய்விடும். துணியில் பிடிக்காத சாயமும் கூடவே போகும்.

எங்கே போகும்? வெள்ளியங்கிரியில் பிறக்கிற நொய்யலுக்கு. பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியானது. கீழே கிணறுகள் உப்பேறின, தென்னை கருகியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வராமல் இழுபட, 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. வேலை இழந்து ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். பிறகு தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையே மீட்டு மறுபடியும் தொட்டிக்குப் போடும் நிலையங்கள் வந்தன. செலவு அதிகம்தான். ஆனாலும் முடியும் என்று திருப்பூர் காட்டியிருக்கிறது.

எர்லிக் தேடியது கிருமியை மட்டும் பிடித்து ஆளை விட்டுவிடும் பொருளை. அப்படி முழுசாக ஒன்று அவருக்கும் கிடைக்கவில்லை, நமக்கும் கிடைக்கவில்லை. சால்வர்சான், குளோஃபசிமின், குளோர்ப்ரோமசின், எல்லாமே பக்கத்திலும் கொஞ்சம் பிடித்தது. அதனால்தான் மருந்துக்கு அளவு உண்டு, பக்கவிளைவைக் கேட்டுக் குறித்து வைக்கிற ஒரு ஆள் உண்டு, தேவைப்பட்டால் நிறுத்தச் சொல்லும் மருத்துவர் உண்டு. மருந்துக் கடைக்குப் போன சாயத்துக்கு அந்தக் கண்காணிப்பு கிடைத்தது. அதே சாயத் தொழிலில் நிற்கும் ஆளுக்கும், அதன் கீழே கிணறு வைத்திருக்கும் குடும்பத்துக்கும் அதைக் கேட்டு வாங்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தொட்டியில் இருக்கும்போதும் அது மருந்துக்குச் சொந்தக்காரப் பொருள்தான். அதற்கும் அளவு பார்க்கணும், பக்கவிளைவு கேட்கணும். கரைக்கிறவருக்கு முகக்கவசம், கையுறை, வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனை. இது ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. 1895-லேயே ஒரு மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பாடம்.